தராசின் முன் ஓதிய சூரா

கீழக்கரையில் ஸுப்ஹு என்னும் அதிகாலைத் தொழுகை முடிந்ததும் ஓதப் போகும் பிள்ளைகளில் நானும் ஒருவனாக இருந்தேன். குர்ஆனின் 30 பாகங்களில் கடைசியான ‘அம்ம ஜுஸ்வு’தான் எங்களுக்கு முதலில் மனப்பாடமாகும். அதிலுள்ள 83ஆவது சூராவான, அதாவது அத்தியாயமான, முதஃப்பிஃபீனின் 36 வசனங்களையும் பிழையின்றி ஒப்பித்தபோது, அவற்றில் ஒரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியாது.

பொருள் தெரிய வந்தது பத்து ஆண்டுகள் கழித்து, வாப்பாவின் கருவாட்டுக் கடையில். சரியாகக் காயாத கருவாட்டில் ஈரமும், உதறாத கருவாட்டில் உப்பும் எடையோடு சேர்ந்து விலைபோய்விடும். ஒரு நாள் நான் உப்பை உதறாமலேயே தராசில் அள்ளி வைத்தேன். வாப்பா திட்டவில்லை, “வைலுல் லில்முதஃப்பிஃபீன்” என்று மெல்ல ஓதினார். பழக்கத்தில் அடுத்த இரண்டு வசனங்களையும் நான் ஓதி முடித்தேன். “அதற்கு என்ன பொருள், தம்பி?” என்றார். பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, தாம் அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைத்துவிடுகிறவர்களுக்குக் கேடுதான் என்று அவரே சொன்னார். வாடிக்கையாளர் எதிரில் நிற்க, கருவாட்டைத் திரும்ப எடுத்து உதறினேன்.

பொருள் தெரியாமல் ஓதவைப்பதைப் பலர் குறை கூறுகிறார்கள். தராசருகே அந்த வசனத்தை எடுத்துக் கொடுக்க ஆளில்லாத வீடுகளைப் பொறுத்தவரை அந்தக் குறை நியாயமானது என்றே நினைக்கிறேன். எங்கள் ஊரிலேயே 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், தமிழ் மட்டுமே அறிந்தவர்களுக்கும் எட்டும்படி மார்க்கச் சட்டங்களை அரபு எழுத்தில் எழுதும் தமிழான அரபுத்தமிழில் எழுதினார். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலியின் ‘இஹ்யா உலூமித்தீன்’ 40 நூல்களாக விரிகிறது. முதல் நூல் கல்வியைப் பற்றியது, கடைசி நூல் மரணத்தையும் அதற்குப் பின் வருவதையும் பற்றியது, இடையில் பொருளீட்டும் ஒழுக்கத்துக்கென்றே ஒரு முழு நூல் இருக்கிறது. கடைத்தெருவைத் தாண்டாமல் மண்ணறைக்குப் போக வழியில்லை என்று அந்த வரிசை சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

‘தொட்டில் முதல் மண்ணறை வரை கல்வி தேடுங்கள்’ என்பதை நபிமொழியாகப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அது நபிமொழியன்று என்பது ஹதீஸ் அறிஞர்களின் முடிவு. அது தேவையுமில்லை. “இறைவா, எனக்குக் கல்வியை அதிகமாக்கு” என்று கேட்கும்படி நபியவர்களுக்கே குர்ஆன் (20:114) கட்டளையிடுகிறது.

62 வயதில் உம்மா மறுபடி ஓதத் தொடங்கியிருக்கிறார். ஐம்பது ஆண்டுகளாகத் தவறாக உச்சரித்த எழுத்துகளை, பக்கத்துத் தெருவிலுள்ள, மார்க்கக் கல்வி கற்ற ஆலிமாப் பெண் திருத்திக் கொடுக்கிறாள். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுகிறவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்ற நபிமொழியைச் சொல்லி உம்மா சிரித்துக்கொள்வார். ஆனால் அந்தப் பெண் வாசலில் நுழைந்ததும், முழங்கால் வலியோடு எழுந்து நிற்கிறார். பேத்தி வயதுள்ள அவளுக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.