பாறைக் குழியிலிருந்து வந்த ஸ்பாஞ்ச்பாப்

டிவி கார்ட்டூன் நாயகன் ஸ்பாஞ்ச்பாப்பை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் முதலில் கடல் உயிர்களைப் பற்றிப் பாடம் எடுத்த வாத்தியார். 1984-இல் கல்லூரியை முடித்துவிட்டு, கலிபோர்னியாவின் டேனா பாயிண்ட் கடற்கரையில் இருந்த ஒரு கடல் கல்வி நிலையத்தில் சேர்ந்தார். கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் என்னென்ன உயிர்கள் தங்குகின்றன என்று மாணவர்களுக்குச் சொல்ல, தானே ஒரு படக்கதை எழுதி வரைந்தார். அதில் கூடவே வந்து விளக்கம் சொல்வது பாப் என்ற கடற்பஞ்சு. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கும். உடம்பு நிஜக் கடற்பஞ்சு போலக் கோணல்மாணலாக இருக்கும். பாத்திரம் தேய்க்கிற சதுரப் பஞ்சாக அது மாறியது பிற்பாடுதான்.

1987-இல் அந்த வேலையை விட்டார். கால்ஆர்ட்ஸ் என்ற கலிபோர்னியாக் கலைக் கல்லூரியில் அனிமேஷன் படித்து 1992-இல் முடித்தார். அவருடைய குறும்படத்தைப் பார்த்துப் பிடித்துப்போன ஜோ மரே, தான் உருவாக்கிய 'ராக்கோஸ் மாடர்ன் லைஃப்' கார்ட்டூன் தொடருக்கு அழைத்துக்கொண்டார். அங்கே எழுதினார், இயக்கினார். கூட வேலைபார்த்த மார்ட்டின் ஓல்சன் ஒருநாள் அந்தப் பழைய படக்கதையைப் பார்த்துவிட்டு, இதையே தொடராக எடுக்கலாமே என்றார்.

குழந்தைகளுக்கான டிவி சேனலான நிக்கலோடியனிடம் கதை சொல்ல ஹில்லன்பர்க் ஹவாய் சட்டை போட்டுக்கொண்டு மீன்தொட்டியோடு போனார். தொட்டிக்குள் பாத்திரங்களின் பொம்மைகள். அவர்களுக்குக் கதை பிடித்தது, ஆனால் நாயகன் பள்ளிக்கூடம் போகிற பையனாக இருக்கவேண்டும் என்றார்கள். இவர் மசியவில்லை. ஸ்பாஞ்ச்பாப் பெரியவன், வேலைக்குப் போகிறவன். கடைசியில் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி என்று சமரசம் ஆனது. அதன் டீச்சர் ஒரு பேத்தை மீன், பதறினால் உப்பிவிடுவார்! எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அதுதான். மேலிடம் திணித்த நிபந்தனையிலிருந்து இப்படி ஒரு ஆளைப் பிடிக்க, மீன்களோடு பழகியவனால்தான் முடியும்.

1999 மே 1-ஆம் தேதி முதல் அத்தியாயம் வந்தது. எழுதும் முறையும் வேறு மாதிரி. முழு வசனத்தோடு ஸ்கிரிப்ட் கிடையாது. சுருக்கமான கதைக் குறிப்பை வைத்துக்கொண்டு, ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாகப் படமாக வரைகிறவர்களே வசனத்தையும் எழுதுவார்கள். முகபாவத்திலேயே பாதி நகைச்சுவை முடிந்துவிடுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

2004-இல் முதல் ஸ்பாஞ்ச்பாப் சினிமா வந்ததோடு தொடரின் பொறுப்பிலிருந்து விலகினார். பத்து வருடம் போல ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினார். 2017-இல் ஏஎல்எஸ் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் என்று தெரிந்த பிறகும், முடிகிறவரை வேலை செய்வேன் என்றார். மறு வருடம் நவம்பரில், 57 வயதில் போய்விட்டார்.

நான் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். தொடரில் வரும் ஸ்குவிட்வர்டு ஒரு பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். எட்டுக்குப் பதில் ஆறே கைகால்கள் வரைந்தது அசைவூட்ட வசதிக்காக. அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குள் போவேன். பிளாங்க்டன் என்ற இன்னொரு பாத்திரத்துக்கு ஒற்றைக் கண் மட்டும் இருப்பதும் சும்மா இல்லை. அவன் கோபிபாட் என்ற மிதவை உயிரி. குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நடுவில் ஒற்றைக் கண்ணோடு அவன் உறவுக்காரர்கள் துள்ளிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.