மூன்று குட்டிக் கோடுகள்

"தலைப்பெல்லாம் ஒரே மாதிரி இல்லையே, அரை மணி நேரத்தில் சரிபண்ணிவிடுகிறேன்" என்று கூட்டத்தில் வாயைக் கொடுத்தது நான்தான்.

எங்கள் மென்பொருளின் கையேட்டை ஐந்து பேர் ஐந்து காலத்தில் எழுதியிருந்தோம். ஒருவர் 'நிறுவுதல்' என்று தலைப்பு வைத்திருந்தார். அடுத்தவர் 'நிறுவுவது எப்படி?' என்று கேட்டிருந்தார். இன்னொருவர் 'நிறுவுக!' என்று அதட்டியிருந்தார். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குத் தலைப்பில் எந்தெந்தச் சொல்லுக்குப் பெரிய எழுத்து என்பதில் சண்டை. கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டின் நடைக் கையேடுகளும் சாதாரண வாக்கியத்தில் எழுதுவது போலவே எழுதச் சொல்கின்றன. தமிழில்தான் பெரிய எழுத்தே கிடையாதே என்று நிம்மதியாக இருந்தால், அந்தச் சண்டையை வினைச்சொல் எடுத்துக்கொண்டது.

சரி, எல்லாம் 'தல்' என்று முடியட்டும் என்று தீர்ப்பு எழுதினேன்.

அப்புறம் குறியீடு. சாதாரண எழுத்துக்கு நடுவே சில குறிகளைப் போட்டே பக்கத்தை வடிவமைக்கும் முறைதான் மார்க்டவுன். அதில் தலைப்புக்கு முன்னால் # போடலாம், அல்லது அடியில் === என்றோ --- என்றோ கோடு இழுக்கலாம். கோட்டை வைத்து இரண்டு நிலைக்கு மேல் இறங்க முடியாது. கோட்டுப் பிரியர் ஒருவர் மூன்றாம் நிலைக்கு மட்டும் வேறு வழியில்லாமல் ### போட்டிருந்தார். அனைத்தையும் # ஆக்கினேன்.

வினை அதற்கப்புறம்தான். எங்கள் கையேட்டில் தலைப்பின் சொற்களிலிருந்தே அதற்கான இணைப்பு முகவரி உருவாகும். 'எப்படி?'யை நான் வெட்டியதும் அங்கே வந்துசேர வேண்டிய இணைப்புகள் எல்லாம் பக்கத்தின் உச்சியில் போய் நின்றன. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினேன், இருட்டிவிட்டது. ஒரு பக்கத்தில் இருந்த இணைப்போ, எந்தக் காலத்திலும் இருந்திராத தலைப்பைக் காட்டியது. எரிச்சலில் எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதி, கண்ணில் படட்டும் என்று அடியில் மூன்று குட்டிக் கோடுகள் போட்டேன். நடுவில் வெற்று வரி விடவில்லை. கோடு ஒட்டியிருந்தால் மார்க்டவுனுக்கு மேலே இருப்பது தலைப்பு. அதையும் அப்படியே ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் பொருளடக்கத்தில் நிறுவுதல், அமைத்தல், 'இதை யார் எழுதித் தொலைத்தது? கேட்கணும்', நீக்குதல் என்று வரிசையாக நின்றன.

அந்தப் பக்கத்தை எழுதியவர் எங்கள் மேலாளர். திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரிதான், இது மட்டும் 'தல்'லில் முடியவில்லையே?" என்றார்.