பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக்குப் புதுத் தளம்: செலவு எங்கே கூடுகிறது?

வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தாத்தா வாங்கிய வீட்டின் மேல்தளத்தை, அதாவது கூரையை, இனி ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முடியாது என்று முடிவானதும் மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்டோம். மூவருக்கும் காட்டியது அதே 500 சதுர அடிதான். ஆனால் மூன்றாமவர் சொன்ன தொகை முதலாமவர் சொன்னதைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அவர் கூடுதலாகக் கேட்கிறார் என்றே முதலில் நினைத்தேன். மூன்று தாள்களையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்தபோதுதான், முதலாமவர் புதுத் தளம் போடுவதை மட்டும் கணக்கிட்டு, பழையதைப் பிரிப்பது, குப்பையை அகற்றுவது, சுவரைச் சரிசெய்வது ஆகிய மூன்றையும் விட்டுவிட்டார் என்பது புரிந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, மண்ணடிப் பக்கம் இதே வயதுள்ள வீடுகளில் குடியிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நான் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் சாய்வாக நிறுத்தி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தி, கடைசியில் தட்டோடு பதித்த தளம் அது. அக்காலத்தில் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். நல்ல முறையில் பராமரித்தால் நூறு ஆண்டு தாங்கும் வேலைதான். தட்டோட்டு இணைப்பில் ஒருமுறை விரிசல் விழுந்து மழைநீர் உள்ளே இறங்கத் தொடங்கினால், அது நேரே சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனையில் போய்த் தேங்கிவிடுகிறது.

மூன்றாவதாக வந்த மேஸ்திரி இதைத்தான் முதலில் பார்த்தார். ஏணியில் ஏறி, சுவரோடு கட்டை சேரும் இடத்தில் காரையைச் சுரண்டிவிட்டு ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். இரண்டு அங்குலத்துக்கு மேல் அது தடையில்லாமல் உள்ளே போனது. ஈரமான மரத்தூள் அவர் கைமேல் உதிர்ந்தது. அதே கட்டையின் நடுப்பகுதியில் தட்டியபோது கணீரென்று ஓசை வந்தது. பதினெட்டுக் கட்டைகளில் ஏழின் முனைகள் இப்படி இற்றுப் போயிருந்தன. இரண்டு மூன்று மட்டும் பழுதாகியிருந்தால் அவற்றை மாற்றிவிட்டு, அல்லது பக்கத்தில் இரும்பு கர்டர் கொடுத்து, தளத்தைப் பிரிக்காமலேயே காப்பாற்றியிருக்கலாம். செலவும் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆகவே, தளத்தை மாற்றுவதா பழுதுபார்ப்பதா என்பதைக் கட்டை முனைகளைத் திறந்து பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து அவர் சுவரைச் சுரண்டினார். செங்கற்களுக்கு இடையே சுண்ணாம்பு பொடிப்பொடியாக வந்தது. "இது தளம் வேலை மட்டும் இல்ல சார், பாதி சுவர் வேலை" என்றார். கான்கிரீட் தளத்தை இப்படிப்பட்ட சுவரின் மேல் நேரடியாக உட்கார வைக்காமல், மேல் வரிசைச் செங்கற்களை எடுத்துவிட்டுச் சுற்றிலும் கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட் போட வேண்டும் என்பது அவருடைய யோசனை. பிறகு பார்த்த பொறியாளரும் அதையே சொன்னார். எங்களுக்கு ஒரு பக்கம் பொதுச்சுவர். அதைத் தொடுவதற்குப் பக்கத்து வீட்டாரின் ஒப்புதல் வேண்டும்; அவர்கள் பக்கத்துக் காரை உதிர்ந்தால் பூசித் தருவதும் நம் செலவில்தான் சேரும்.

பிரிக்கும் செலவைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். செங்கல், ஜல்லி, தட்டோடு எல்லாம் சேர்ந்து எங்கள் தளத்தின் கனம் ஏறக்குறைய பத்து அங்குலம். 500 சதுர அடிக்கு அது 400 கன அடிக்கு மேல், எடையில் இருபது டன்னைத் தாண்டும். உடைத்த பின் பருமன் இன்னும் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். எங்கள் சந்து ஆறடி அகலம். டிப்பர் வராது, மூன்று சக்கர மீன்பாடி வண்டி மட்டும் வரும். எம்.சி. ரோடுப் பக்கம் துணி வாங்க வரும் கூட்டத்தில் பகலில் லாரியை நிறுத்தவும் இடமில்லை. ஆகவே இரவில்தான் ஏற்ற வேண்டும், அதுவும் மூட்டை கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுபோய். இதே கூலி மணலுக்கும் ஜல்லிக்கும் உள்ளே வரும்போது மறுபடியும் உண்டு. ஆலையில் கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரி நுழைய முடியாததால் கலவையையும் அங்கேயே போட்டுத் தூக்க வேண்டும். அகலமான தெருவில் உள்ள வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் செலவில் பெரிய வேறுபாடு வருவது இந்த இடத்தில்தான். கட்டடக் கழிவைத் தெருவோரம் கொட்டக் கூடாது. கொடுங்கையூரில் மாநகராட்சியின் கட்டடக் கழிவு மறுசுழற்சி நிலையம் இருக்கிறது. வண்டிக்காரர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பதையும் மதிப்பீட்டில் எழுதி வாங்குங்கள்.

பொருள் கணக்கு இவ்வளவு சிக்கலானது அல்ல. ஐந்து அங்குலத் தளமென்றால் 500 சதுர அடிக்கு ஏறக்குறைய 6 கன மீட்டர் கான்கிரீட், 50 மூட்டை சிமெண்ட், அரை டன் அளவுக்குக் கம்பி. அறையின் அகலம் கூடினால் கனமும் கம்பியும் கூடும். மண்ணடிக் கடைகளில் கம்பி விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், மதிப்பீடு எத்தனை நாளுக்குச் செல்லும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் சென்ட்ரிங் பலகைக்கும் முட்டுக்கும் வாடகை நாள் கணக்கில் ஏறும் என்பதற்காக முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்கவும் விடாதீர்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் முட்டு நிற்க வேண்டும்.

வடசென்னைக்கென்றே ஒரு செலவு உண்டு. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் இருபது முப்பது ஆண்டுகளே ஆன கான்கிரீட் வீடுகளில் கூடத் தளத்தின் அடிப்பகுதி பொரிந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிவதைப் பார்த்திருக்கிறேன். கடல் உப்பு கம்பி வரை போய்ச் சேர்ந்ததன் விளைவு அது. கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட் கவர், கடலோரக் காற்று நேரே படும் இடங்களுக்கு 45 மில்லிமீட்டர், அதிலிருந்து மறைவான இடங்களுக்கு 30 மில்லிமீட்டர் என்று அதே விதி சொல்கிறது. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்ற சிறு கட்டிகளை வைப்பதும் கலவையின் வலுவை ஒரு படி உயர்த்துவதும் மொத்தச் செலவில் சிறு பங்கே. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

திருவொற்றியூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு ஷீட் கூரை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் அதன் ஒரு பக்கம் முழுவதும் பிய்த்துக்கொண்டு போனது. அப்போது ஷீட்டைவிட அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கே அதிகம் செலவானது. பழைய பைப்புகள் உள்ளிருந்தே துருவேறியிருந்தன. சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர் அடிப்படைக் காற்று வேகத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயம். மணிக்கு 180 கிலோமீட்டர். ஷீட்டின் கனத்தோடு, சட்டங்களுக்கு இடையிலான தூரம், ஓரங்களில் எத்தனை திருகு என்பதையும் சேர்த்தே விலை பேச வேண்டும். பழையது ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உடைக்காமல், நனைத்து, முழுதாக இறக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு.

எங்கள் வேலையைத் தை பிறந்ததும் தொடங்குவதாகப் பேசியிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் எல்லோரும் அவசரப்படும் நேரத்தில் ஆள் கிடைப்பதும் கடினம், கூலியும் அதிகம். பிரித்துப் போட்ட நிலையில் மழை பிடித்துக்கொண்டால் வீடே நாசம். வேலை நடக்கும் இரண்டு மாதத்துக்கு வேண்டிய வாடகை வீட்டையும் கணக்கில் சேர்த்துவிட்டோம். நல்ல நிலையில் உள்ள பதினொரு தேக்குக் கட்டைகளையும் மேஸ்திரி எடுத்துக்கொள்வதாக முதலில் எழுதியிருந்தார். பழைய மரக்கடையில் விசாரித்து வந்த விலையைக் காட்டியதும், அந்தத் தொகையைக் கழித்து மதிப்பீட்டைத் திருத்தித் தந்தார். பிரிக்கும் கூலியில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிட்டது.