பப்பாளி இல்லை, தெராப்

"மாமா, இது பப்பாளியா?" என்றாள் அக்கா மகள்.

கோலாலம்பூர் நகருக்குள் இருக்கும் புக்கிட் நானாஸ் காட்டுப் பாதையோரம், இடுப்புயரக் கன்று. முழங்கை நீள இலை, ஓரமெல்லாம் ஆழமான வெட்டு. யாராக இருந்தாலும் பப்பாளி என்றுதான் சொல்வார்கள்.

ஒடிந்து தொங்கிய காம்பில் வெள்ளைப் பால். அது பப்பாளியிலும் வரும். ஆனால் இலை உதிர்ந்த இடங்களில் தண்டைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி தழும்பு இருந்தது. அதுதான் துப்பு.

தெராப். பலாவுக்கு நெருங்கிய சொந்தம்.

வேடிக்கை என்னவென்றால், மரம் வளர்ந்தபின் இந்த வெட்டெல்லாம் போய்விடும். இலை முழுசாகி, அளவிலும் சிறுத்துவிடும். பெரிய மரத்து இலையை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் கன்றிடம் திணறுவது இதனால்தான்.

காப்பூர் என்ற இன்னொரு காட்டு மரத்தின் கன்று பரவாயில்லை. இலையைக் கசக்கினாலே கற்பூர வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

1906இல் காப்புக்காடாக அறிவித்த இடம் இது. வருகிறவர்கள் பக்கத்திலுள்ள கே.எல். கோபுரத்தைத்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். சரி, பார்க்கட்டும். ஆனால் பெரிய மரமொன்று சாய்ந்து வெளிச்சம் இறங்கினால், அந்த இடத்துக்குப் போட்டி போடப்போவது நம் காலடியில் நிற்கும் இந்தக் கன்றுகள்தான்.