வாக்கியம் முடியவில்லை

காலையிலிருந்து மூன்று மணி நேரம். பாளையங்கோட்டை வீட்டு மாடியில் நானும் கணினியும், மின்னழுத்தம், மின்னோட்டம் அளக்கும் ஒரு பழைய மல்டிமீட்டரும். கணினிக்கும் அதற்கும் இடையே, தகவல் போய்வர ஒரு சீரியல் கேபிள்.

'நீ யார்?' என்று கேட்கும் கட்டளையை அனுப்புகிறேன். நட்சத்திரக் குறி, ஐ, டி, என், கேள்விக்குறி.

பதில் இல்லை.

தகவல் போகும் வேகம் நொடிக்கு 9600 பிட், இரண்டு பக்கமும் சரி. அனுப்பவும் பெறவும் உள்ள 2, 3 கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்தும் பார்த்தாயிற்று.

கடைசியில் பார்த்தால், கட்டளை முடிந்தது என்று சொல்லும் வரி முடிவுக் குறியை நான் அனுப்பவே இல்லை! அது வராதவரை நான் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் கருவிக்குக் கணக்கு.

சேர்த்த மறுகணம் நிறுவனம், மாடல், வரிசை எண், மென்பொருள் பதிப்பு எனக் காற்புள்ளி போட்டு ஒப்பித்தது.

எங்கள் ஆச்சியும் இப்படித்தான். எதிரே இருப்பவர் முடிக்கும்வரை வெற்றிலையை மென்றபடி இருப்பாள். நாங்கள்தான் அவளுக்குக் காது மந்தம் என்று நினைத்துச் சத்தம் போட்டோம்.