கலியாண வீட்டில் தூண் பார்த்த கதை

கூட்டாளி ஒருவனின் கலியாணத்துக்காகத் திருகோணமலையில் இருந்து இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனேன். காலிமுகத்திடலுக்கு முன்னால் இருக்கிற தாஜ் சமுத்ரா ஹோட்டல். ஆனால் விருந்து அந்தப் பெரிய மாடிக் கட்டடத்தில் இல்லை, அதே வளவுக்குள் தனியாக நிற்கிற ஒரு பழைய வெள்ளைக் கட்டடத்தில். விசாரித்தால், ஒரு காலத்தில் அதுதானாம் கொழும்பு கிளப். 1871இல் தொடங்கிய, வெள்ளைக்காரருக்கு மட்டுமேயான கிளப்.

தாலி கட்டி முடிந்ததும் நான் வெளியே வந்து தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கிளப் என்றால் துரைமார் உள்ளே இருந்து குடித்துச் சீட்டாடுகிற இடம், அதற்கு ஏன் முழு முகப்பும் திடலைப் பார்த்துத் திறந்து கிடக்க வேண்டும்? காரணம் குதிரை. அந்தக் காலத்தில் காலிமுகத்திடல்தான் பந்தயத் திடல், கிளப் இருந்த இடம் பந்தயம் பார்க்கிற மேடை. 1893இல் குதிரைகள் கொழும்பிலேயே இன்னொரு பகுதியான கறுவாத்தோட்டப் பக்கம் போய்விட்டன, விறாந்தை மட்டும் இன்னும் அதே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

எங்கள் ஊர் திருகோணமலையிலும் இப்படி ஒன்று இருக்கிறது. டொக்யார்ட் வீதியில் ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை அதிகாரியின் வீடு, 2013இல் இருந்து கடற்படை அருங்காட்சியகம். தடித்த சுவர், அகன்ற விறாந்தை, உயர்ந்த கூரை. வெயில் விறாந்தையோடு நின்றுவிடும், அறைச் சுவரில் படாது, சூடான காற்று மேலே போய்விடும், மத்தியானம் உள்ளே போனால் உடம்பு உடனே சொல்லும். இப்போது கொங்கிரீட் பெட்டியைக் கட்டி ஏசி பூட்டி கரண்ட் பில்லைப் பார்த்துப் புலம்புகிறோம், அது வேறு கதை. அந்த வீட்டில் இருந்தவர்கள் பார்க்க வேண்டியது குதிரையை இல்லை, துறைமுகத்துக்குள் வருகிற கப்பலை.

1957இல் பிரித்தானியக் கடற்படை போகும்வரை அப்பப்பாவுக்கு டொக்யார்ட்டில்தான் வேலை. துரைமார் பங்களா விறாந்தைகளில் வரிசையாகக் கிடந்த சாய்மனைக் கதிரைகளைப் பற்றி நிறையச் சொல்வார், தான் ஒன்றிலும் இருந்ததில்லையாம், போக்குவரத்தெல்லாம் பின்வாசலால்தான். கொழும்பில் முன்படியால் ஏறும்போது அவர்தான் நினைவுக்கு வந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா முதலில் கேட்டது பொம்பிளையின் கூறைச்சேலை என்ன நிறம் என்று. போனில் இருந்த நாற்பது படத்திலும் தேடிப் பார்த்தோம். எல்லாம் தூண்.