ரெண்டு மணிக்குக் கிளம்பியாகணும்

எங்கள் வீட்டில் காரில் ஒருநாள் பயணம் என்றால் திட்டம் போடும் வேலை என் தலையில்தான் விழும். ஓட்டுவது நானும் தம்பியும். பின்சீட்டில் அம்மா, என் வீட்டுக்காரர், தம்பி மகள். தம்பியிடம் திட்டம் கேட்டால் ஒரே மூச்சில் முடித்துவிடுவான். "அக்கா, 260 கிலோமீட்டர்தான். காலையில கிளம்பினா ஒன்பது, பத்துக்கு அங்க இருப்போம். எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டு ராத்திரி வந்துடலாம்."

அந்த "ராத்திரி வந்துடலாம்" என்ற இடத்தில்தான் எனக்கும் அவனுக்கும் ஒத்துவராது. ஒருநாள் பயணத்தில் எது கெட்டாலும் பெரும்பாலும் கடைசி இரண்டு, மூன்று மணி நேரத்தில்தான் கெடும். காலையில் ஆட்கள் தெளிவாக இருப்பார்கள், சாலை காலியாக இருக்கும், வெளிச்சம் ஏறிக்கொண்டே வரும். சாயங்காலம் இந்த மூன்றும் தலைகீழ். அதனால் தாளை எடுத்தால் நான் முதலில் எழுதுவது வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தை அல்ல, அந்த ஊரை விட்டுத் திரும்பும் நேரத்தை. மலையேறுகிறவர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் உண்டு. இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவது என்று கீழேயே முடிவு செய்துகொண்டுதான் ஏறுவார்கள். உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் அந்த மணி ஆகிவிட்டால் இறங்க வேண்டியதுதான்.

கணக்கைப் பாருங்கள். சூரியன் மாலை 6.30-க்கு மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இருட்டுவதற்குள் வீடு வந்துவிட வேண்டும். 260 கிலோமீட்டரில் நடுவில் இருக்கும் 220 நெடுஞ்சாலை. மணிக்கு 100 கிலோமீட்டர் போகலாம் என்றால் அதற்கு 2 மணி 12 நிமிடம். மீதி 40, இரண்டு ஊர்களின் உள்ளேயும் ஓரத்திலுமாக ஊருக்கு 20. சிக்னல், பேருந்து, திருப்பம் எல்லாம் சேர்ந்து அங்கே 30-ஐத் தாண்டாது. ஒவ்வொரு முனையிலும் 40 நிமிடம் போய்விடும். ஆக 3 மணி 32 நிமிடம். மேப் காட்டுவது ஏறக்குறைய இந்த எண்ணைத்தான். நீங்கள் நிற்கப்போவது அதற்குத் தெரியாது. அம்மா இறங்கி, கழிப்பறையைத் தேடி, கால் நீட்டி, மறுபடி ஏறி உட்கார எப்படியும் 20 நிமிடம். ஐந்து பேரில் யாராவது ஒருவர் கடைசியாகத்தான் வருவார். அது பெரும்பாலும் எங்கள் வீட்டுக்காரர். இரண்டு நிறுத்தம் போட்டால் 4 மணி 12 நிமிடம். திரும்பும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள், நிறுத்தங்கள் நீளும் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்து நாலரை மணி நேரம் வைப்பேன். 6.30-இலிருந்து நாலரையைக் கழித்தால் 2.00. அவ்வளவுதான். ரெண்டு மணிக்கு அந்த ஊரை விட்டுக் கிளம்பியாகணும்.

"அப்ப நூத்திப்பத்துல போனா?" என்பான் தம்பி. அந்த 220-ஐ 110-இல் போனால் சரியாக 2 மணி நேரம். மிச்சம் 12 நிமிடம். ஒரு கழிப்பறை நிறுத்தத்துக்குக்கூடக் காணாது. அதுவும் முழுத் தூரமும் ஒரே சீராக 110-இல் போனால். முன்னால் ஒரு லாரி இன்னொரு லாரியை முந்த நினைத்து இரண்டும் ஒட்டிக்கொண்டு ஊர்ந்தால் அந்த 12-ம் கரைந்துவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், 100-லிருந்து 110 என்றால் எதிர்ப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். எரிபொருள் அதற்குப் போகிறது. அனுமதித்த வேகத்தைத் தாண்டினால் வருகிற வம்பு தனி.

நேரம் மிச்சப்பட வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடம் அந்த ஊர் ஓரத்து 20 கிலோமீட்டர். காலை 7.30-க்கு 40 நிமிடம் எடுக்கும் அதே தூரத்தை 5.30-க்கு 25 நிமிடத்தில் கடந்துவிடலாம். ஒரு கிலோமீட்டர்கூட விரட்டாமல் கால் மணி நேரம் லாபம். ஊரைத் தாண்டும்போது பொழுதும் விடிந்துகொண்டிருக்கும். ஒன்பதரைக்கு அங்கே இருப்போம்.

ஒன்பதரையிலிருந்து ரெண்டு மணி வரை நாலரை மணி நேரம். ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு மணி நேரம். வண்டி நிறுத்த இடம் தேடுவது, அங்கிருந்து நடப்பது என்று அரை மணி. மிஞ்சுவது மூன்று மணி நேரம். அதில் இரண்டு இடம் பார்க்கலாம். தம்பி அனுப்பும் பட்டியலில் ஏழு இருக்கும்! சண்டை போட வேண்டிய நேரம் இதுதான், வீட்டிலேயே, முந்தைய வாரமே. அங்கே போய் வெயிலில் நின்றுகொண்டு எதை விடுவது என்று பேசினால் அந்தப் பேச்சிலேயே ஒரு இடம் போய்விடும்.

ரெண்டு மணிக்கும் ஒரு வில்லங்கம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. பிற்பகல் 2-லிருந்து 4 வரை மனித உடம்பு இயல்பாகவே அயரும் நேரம். சாப்பிட்டதால் மட்டும் வருவதில்லை அது. உடம்புக்குள் ஓடும் நாள்கடிகாரமே அப்படி. ஓட்டுநர் தூங்கி நடக்கும் விபத்துகள் நள்ளிரவுக்குப் பிறகான விடியற்காலையிலும், அடுத்தபடியாக இந்தப் பிற்பகலிலும் குவிவது அதனால்தான். 100-இல் போகும் வண்டி நொடிக்கு 28 மீட்டர் நகரும். நாலு நொடி கண் சொருகினால் 110 மீட்டர் யாருமே ஓட்டாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அதற்காக நான் வைத்திருக்கும் ஏற்பாடு எளிது. திரும்பும்போது முதலில் ஓட்டப்போகிறவர் மதியம் அரை வயிறுதான். மற்றவர்கள் கை கழுவிக் கதை பேசும் நேரத்தில் அவர் ஒரு காபியைக் குடித்துவிட்டு, நிழலில் நிற்கும் வண்டியில் கண்ணாடியை இறக்கி, சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட வேண்டும். 20 நிமிடம், அலாரம் வைத்து. காபி வேலையைக் காட்ட ஏறக்குறைய அரை மணி ஆகும். எழுந்திருக்கும்போது தூக்கமும் கொஞ்சம் கிடைத்திருக்கும், காபியும் ஏறிக்கொண்டிருக்கும். 20 நிமிடத்துக்கு மேல் விட்டால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழுந்ததும் தலை கனத்து முன்னைவிட மோசமாகிவிடும். பாட்டைச் சத்தமாக வைப்பது, கண்ணாடியை இறக்கி முகத்தில் காற்று வாங்குவது, இதெல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். தம்பி இதை ஒப்புக்கொள்ளமாட்டான். ஆனால் படுத்ததும் முதலில் குறட்டை விடுவது அவன்தான்.

முந்தைய ராத்திரியும் இந்தக் கணக்கில் சேரும். 5.30-க்குக் கிளம்ப 4.45-க்கு எழ வேண்டும். ஏழு மணி நேரம் தூங்க வேண்டுமென்றால் 9.45-க்கு விளக்கணைத்தாக வேண்டும். அப்படி எழுந்தவர் அன்று இரவு 9.45-க்கும் ஸ்டியரிங்கில் இருந்தால் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் சுதாரிப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். பல நாடுகளில் வண்டி ஓட்டச் சட்டம் போட்டிருக்கும் கோடே அதுதான். ஒரு சொட்டுக்கூடத் தொடாத என் தம்பி அந்தக் கோட்டில் நின்று ஓட்டிக்கொண்டு வருவான். போதாததற்கு இருட்டு வேறு. டிம் வெளிச்சத்தில் சாலை தெளிவாகத் தெரிவது ஐம்பது, அறுபது மீட்டர். 100-இல் போகிற வண்டி காய்ந்த சாலையிலேயே நிற்க 70 மீட்டருக்கு மேல் வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டிய பிறகுதான் அவன் "சரி, விடு" என்றான்.

திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கே போய்க் கிழக்கே திரும்பினால் காலையிலும் மாலையிலும் சூரியன் முதுகுப் பக்கம். கிழக்கே இருக்கும் ஊர் என்றால் போகும்போதும் கண்ணில், வரும்போதும் கண்ணில். ஊரை மாற்ற முடியாது, ஆனால் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்கலாம். வெளிப்பக்கம் எல்லாரும் துடைப்பார்கள். உட்பக்கத்தைத்தான் யாரும் சீந்துவதில்லை. டாஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து வெளிவிடும் ஆவியும், நம் மூச்சும் சேர்ந்து அங்கே மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். பகலில் தெரியவே தெரியாது. எதிர்வெயில் அடித்ததும் கண்ணாடி முழுக்க வெளுத்துப்போய், முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்குகூட மங்கிவிடும். முந்தைய நாள் சாயங்காலம் மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்து உட்பக்கம் ஒருமுறை, காய்ந்த துணியால் இன்னொருமுறை. டாஷ்போர்டும் கண்ணாடியும் சேரும் அந்தக் குறுகிய மூலைக்குள் கை போகாது. துணியைப் பிளாஸ்டிக் ஸ்கேலில் சுற்றி விட்டால் போகும். துணியில் ஒட்டி வரும் சாம்பல் நிறத்தைப் பார்த்தால் இவ்வளவு நாள் எதன் வழியாகப் பார்த்து ஓட்டினோம் என்று தோன்றும்.

டயர் காற்று வண்டி சூடாகும் முன் பார்க்க வேண்டியது. ஓடி வந்த டயரில் உள்ளே காற்று சூடேறி எண் கூடுதலாகக் காட்டும். எவ்வளவு வைப்பது என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் எவ்வளவு என்று அதிலேயே தனியாகப் போட்டிருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைத்துக் காற்றடிக்கக் கூடாது. அதே பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். ஸ்டெப்னியைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. அதிலும் காற்று இறங்கும்.

எரிபொருள் முந்தைய நாளே நிரப்பிவிடுவேன், காலை 5.30 அதற்கான நேரமில்லை. அடுத்த முறை நிரப்புவது திரும்பும் வழியில், கழிப்பறைக்கு நிற்கும் அதே இடத்தில், ஓட்டுநரும் மாறிக்கொள்ளும் அதே நேரத்தில். மூன்று வேலைக்கும் ஒரே நிறுத்தம். மூடி எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. எரிபொருள் முள்ளின் பக்கத்தில் இருக்கும் குட்டி அம்பு அதைச் சொல்லும். ஃபோர்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜிம் மொய்லன் என்பவர், மழையில் தவறான பக்கம் வண்டியை நிறுத்தி நனைந்துவிட்டு, 1986-இல் எழுதிக் கொடுத்த யோசனை அது. மின்சாரக் கார் என்றால் கணக்கு வேறு. 80 சதவீதத்துக்கு மேல் வேகச் சார்ஜர் மெதுவாகிவிடும். கடைசி 20-க்காகக் காத்திருப்பதைவிட, 80-இல் கழற்றிக்கொண்டு போய் அடுத்த இடத்தில் இன்னொரு முறை போடுவது லாபம்.

முன்சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது, இது எங்கள் வண்டிச் சட்டம். மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைப்பது, அடுத்த திருப்பத்தை ஒரு கிலோமீட்டர் முன்பே சொல்வது, வரும் அழைப்புகளை எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தம்பி மகளுக்கு வண்டியில் குமட்டும். நடுவில் உட்காரவைத்து முன்னால் நீளும் சாலையைப் பார்க்கச் சொன்னால் பாதி சரியாகிவிடும். கையில் போனைக் கொடுத்தால் கெட்டது. காது அசைவை உணர்கிறது, கண்ணோ அசையாத திரையைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துவராமல்தான் குமட்டுகிறது. "அத்தை, எனக்குத் தூக்கம் வருது" என்று சொன்னால் தூங்கட்டும், அது நல்லதுதான்.

உளவியல் ஆய்வாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதிவிட்டார்கள், போன தடவையெல்லாம் இழுத்தது தெரிந்திருந்தும் இந்தத் தடவை நேரத்துக்கு முடிந்துவிடும் என்றுதான் மனிதர்கள் கணக்குப் போடுவார்கள் என்று. அதனால் ரெண்டு மணியைத் தாளில் எழுதினால் மட்டும் போதாது. 1.30-க்கு ஒரு அலாரம், என் போனிலும் தம்பி போனிலும். அது அடித்ததும் புதிதாக எந்தக் கடைக்குள்ளும் நுழைவதில்லை, எந்த வரிசையிலும் நிற்பதில்லை. அம்மா இருக்குமிடத்துக்கு எல்லாரும் வந்து சேர வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு ஏழில் இரண்டைத் தேர்வு செய்தாகிவிட்டது. மூன்றாவது ஒன்றை அடைப்புக்குறிக்குள் போட்டுவைக்கச் சொல்கிறான். காலை 11.45-க்குள் முதல் இடத்தை முடித்தால் பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். கனமழை எச்சரிக்கை வந்தால் போவதா வேண்டாமா என்பது சனிக்கிழமை இரவு 8 மணிக்கு முடிவாகும், அதற்குப் பிறகு பேச்சு கிடையாது, எல்லாரும் தூங்க வேண்டும்.